போதை இறங்கட்டும்

எராஸ்தோ முத்யாபா ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்த வாழைக்கள், பதினோரு ஆண்டுகள் கழிந்தும் அவர் உடம்பைவிட்டு இறங்கவில்லை. மேல்வழியாகவும் வரவில்லை, கீழ்வழியாகவும் போகவில்லை. அந்த ஆண்டு காப்பிக்கொட்டைக்கு நல்ல விலை. மசாகா சாலைக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். அவர் ஊரான கயஞ்சாவில் மழையும் நேரத்துக்கு வந்தது. இந்த மூன்றையும் ஊர் எப்படிச் சாதாரணமாகச் சொல்லுமோ அப்படித்தான் இதையும் சொல்லும். முத்யாபாவுக்குக் காப்பிக்கொட்டை உடைக்கும் மில் இருந்தது, மாதா கோயில் கமிட்டியில் முன்வரிசை நாற்காலி இருந்தது, ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு பையன்கள் இருந்தார்கள். இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பன் என்பதால் எல்லோரும் அவரை 'சலோங்கோ' என்றும், அவர் மனைவியை 'நாலோங்கோ' என்றும் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அந்த மரியாதை அவர் வாயிலிருந்து நாற்றம் வந்த பிறகும் குறையவில்லை என்பதுதான் இந்தக் கதையில் குமட்டுகிற விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குலத்தில் ஒரு லும்பே. செத்தவருக்கு வாரிசை உட்காரவைத்துத் துக்கத்தை முடித்துவைக்கிற விசேஷம் அது. கள் இல்லாமல் நடக்காது. மரத்தைக் குடைந்த தொட்டியில் பழத்தை மிதித்துச் சோளம் தூவி மூடிவைத்திருந்தார்கள். வடிக்கும்போதுதான் அடியில் ஒரு பெருச்சாளி ஊறிக் கிடப்பது தெரிந்தது. மயிர் உதிர்ந்து, தோல் கழன்று, பாதி கரைந்து கள்ளாகவே ஆகியிருந்தது. வெளியே விருந்தாளிகள் பாயில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். குலத்துப் பெரியவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று யோசித்தார்கள். "எடுத்துப் போட்டுட்டு ஊத்துங்கடா, பழத்துல பூச்சி இருக்காதா என்ன?" என்று ஒருவர் முடித்துவைத்தார். ஊற்றினார்கள். சாப்பாடு முடிவதற்குள் குலம் மொத்தமும் வெள்ளை அங்கியை இடுப்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வாழைத்தோப்புக்குள் ஓடியது. மாமனார் உட்கார்ந்த மரத்துக்குப் பின்னால் மருமகன், வாரிசு உட்கார்ந்த பள்ளத்தில் பாதிரியார். அப்படி ஒரு அவமானம் அந்தக் குலத்துக்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அதனால் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அன்று எல்லோரையும்விட அதிகம் குடித்தவர் சலோங்கோ. அவருக்கு மட்டும் வயிற்றில் ஒரு சலனமும் இல்லை. ஏப்பம் விட்டுவிட்டு, வெள்ளை பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகினார்.

கயஞ்சாவுக்குச் சோறு போடுவது சாலை. கம்பாலாவிலிருந்து வருகிற பஸ்ஸோ டாக்ஸி வேனோ கொஞ்சம் வேகம் குறைத்தால் போதும், முதுகில் எண் போட்ட நீலக் கோட்டுக்காரர்கள் கூட்டமாக ஓடி ஜன்னல்களில் தொங்குவார்கள். கோழிக்கறி குத்திய குச்சி, சுட்ட வாழைப்பழம், குளிர்ந்த சோடா. யார் முதலில் ஜன்னலைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு வியாபாரம். நபோசா முதலில் தொடுகிற ரகம். அன்றைக்கு வெயில் இன்னும் சாயவில்லை. வெள்ளை பிக்கப் தூரத்தில் வரும்போதே ஹாரன் அடித்தது. ஹாரன் அடித்தால் வாங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். நபோசா தட்டோடு ஓடினாள். பிக்கப் நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. அவளைத் தூக்கி ஓரத்து வாய்க்காலில் போட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டது. அதன் கதவில் மில்லின் பெயர் பச்சை எழுத்தில் பெரிதாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தப் பச்சை தெரியும். நபோசாவின் தங்கை புரோஸ்கோவியா வாய்க்காலில் இறங்கி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த முத்யாபா சோபாவில் விழுந்தார். அண்ணன் மகன் கவீசி ஓடிவந்தான். அவன் வக்கீல். மத்தியானம் அதே லும்பேயில், அதே தோப்பில், அவனும் உட்கார்ந்து எழுந்தவன். முகம் இன்னும் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் சட்டம் மறக்கவில்லை.

"சித்தப்பா, பயப்படாதீங்க. இடிச்சிட்டு ஓடுனா ஜெயில். ஜனங்க கல்லெடுத்துக் கொன்னுருவாங்கன்னு பயந்து ஓடி, மறுநாளைக்குள்ள ஸ்டேஷன்ல போய் நின்னா பொழைச்சுக்கலாம். ஆனா குடிச்சு ஓட்டுனீங்கன்னு தெரிஞ்சா எந்தச் சாமி வந்தாலும் காப்பாத்தாது. முதல்ல போதை இறங்கட்டும்."

"எறங்கும், எறங்கும்," என்றாள் நாலோங்கோ. "கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேன், காலையில எறங்காமலா மில்லுக்குப் போய்க் கணக்குப் பாக்கறாரு? நீ போய் மொதல்ல அந்த வண்டியக் கழுவச் சொல்லு."

உப்புத்தண்ணீர் கொடுத்தார்கள். பச்சை முட்டை கொடுத்தார்கள். சொந்த மில்லின் காப்பியைக் கஷாயமாகக் காய்ச்சி ஊற்றினார்கள். தொண்டைக்குள் விரலை விட்டார்கள். முத்யாபா விக்கினார், சிரித்தார், மறுபடி விக்கினார். விடிந்தது. போதை அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் புளித்த வாழைப்பழமும் அதற்குக் கீழே செத்த பெருச்சாளியும் வீசியது. சாயங்காலத்துக்குள் எப்படியும் ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும். குளிப்பாட்டினார்கள், பல் தேய்த்துவிட்டார்கள், எலுமிச்சம்பழத்தைக் கடிக்க வைத்தார்கள். எலுமிச்சையும் சேர்ந்து நாறியது. கவீசி தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனான்.

ஸ்டேஷன் அதிகாரியின் பெயர் எச்சோடு, மரியாதைக்கு எல்லோரும் 'அஃபாண்டே' என்பார்கள். கிழக்கே டெசோப் பக்கத்துக்காரர், உயரமானவர், அகலமான மூக்கு. அந்தக் காலத்தில் ஊதிப்பார்க்கிற மெஷின் கிடையாது. வண்டியை ஓரங்கட்டி, ஓட்டுகிறவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்ப்பதுதான் சோதனை. அதற்கு ஊரில் 'கவுன்யெமு' என்று பெயர், 'கொஞ்சம் மோந்து பார்ப்போம்' என்று பொருள். எச்சோடு அப்படி மோந்து பார்த்த வாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கவீசி அவர் எதிரில் உட்கார்ந்து கதையை அடுக்கினான். சித்தப்பா லும்பேக்கே போகவில்லை. உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தவர், காப்பி மூட்டை விஷயமாக வண்டியை எடுத்தார், சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பெண் தானே வந்து விழுந்தாள். பயந்து வீட்டுக்கு ஓடினார். அந்த அதிர்ச்சியில்தான் அலமாரியிலிருந்த பிராந்தியை எடுத்துக் குடித்தார். வண்டி ஓட்டிய பிறகு குடித்தால் குற்றமா, அஃபாண்டே? குற்றமில்லை என்று எச்சோடு ஒப்புக்கொண்டார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. யார் கட்டியது என்று அவர் கேட்கவில்லை. ஆடும் சொல்லவில்லை.

புரோஸ்கோவியா அக்காவின் கோட்டை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் வியாபாரம் செய்தாள். அக்காவின் மகளைத் தன் மகளாக வளர்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: முத்யாபா கூண்டில் ஏற வேண்டும், இடித்தது நான்தான், குடித்துவிட்டு இடித்தேன் என்று ஊர் கேட்கத் தீர்ப்பாக வேண்டும். இழப்பீடு என்று நாலோங்கோ ஒரு பசுவை அனுப்பினாள். அது வந்த வழியே திரும்பிப் போனது. கோழி விற்று முடிந்த நாளெல்லாம் அவள் ஸ்டேஷன் படியேறினாள்.

"அஃபாண்டே, எங்கக்காவக் கொன்னவன் வீடு உங்க ஜன்னல்லேருந்தே தெரியுது."

"தெரியுதும்மா."

"அப்ப எழுந்து போய்க் கூட்டிட்டு வாங்க."

"அவரு போதையில இருக்காரு. போதையில இருக்கறவன் வாக்குமூலம் குடுத்தா செல்லாது. கோர்ட்டுல நிறுத்துனாலும் குற்றத்த ஒத்துக்கறியா இல்லையான்னு கேக்க முடியாது. இறங்கட்டும், கூட்டிட்டு வர்றேன்."

"எப்ப இறங்கும்?"

"அதக் குடிச்சவனத்தான் கேக்கணும்."

"நீங்க மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பிராந்தியா?"

எச்சோடு மூக்கைத் தடவிக்கொண்டார். "மூக்கு சொல்றத எழுத ஸ்டேஷன்ல இடம் இல்லம்மா. போய் வியாபாரத்தப் பாரு."

இப்படித்தான் கவீசிக்கு ஞானம் பிறந்தது. முதல் மாதம் இறங்காத போதையைப் பார்த்து நடுங்கினான். இரண்டாவது மாதம் அதை மடியில் வைத்துக் கொஞ்சினான். போதை இறங்கினால்தான் வழக்கு. இறங்காதவரை சட்டம் வாசலில் நிற்கும். வழக்குப் பட்டியலில் சலோங்கோ பெயர் வரும்போதெல்லாம் அவன் எழுந்து, "என் கட்சிக்காரர் இன்னும் தெளியவில்லை" என்பான். வாய்தா போடுவார்கள். ஒரு மாஜிஸ்திரேட் வாய்தா போட்டே மாற்றலாகிப் போனார், இன்னொருவர் ஓய்வுபெற்றுப் போனார். குலத்துப் பெரியவர்கள் வரிசையாக வந்து பைபிள்மேல் கை வைத்து, அந்த லும்பேயில் சலோங்கோவைக் கண்ணாலேயே பார்க்கவில்லை, அங்கே தாங்களும் கள்ளைத் தொடவில்லை, எல்லோரும் சோடாதான் குடித்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பைபிள் அதையும் தாங்கிக்கொண்டது.

முத்யாபாவோ நன்றாக இருந்தார். அதுதான் சகிக்க முடியவில்லை. கொழுத்தார். கள்ளில் மொய்க்கிற சின்ன ஈக்கள் அவர் வாயைச் சுற்றி எந்நேரமும் ஒரு கைக்குட்டை அளவுக்குப் பறந்தன. பேசும்போது இரண்டு மூன்று உள்ளே போகும், விக்கும்போது வெளியே வரும். அவர் பக்கத்தில் வைத்த பால் திரிந்தது. அவர் முத்தம் கொடுத்த பேரப்பிள்ளை தள்ளாடியது. பிள்ளையின் தாய் வாயைத் துடைத்துவிட்டு, "தாத்தாவுக்குத் தேங்க்யூ சொல்லு" என்றாள். அவருக்கு நேரமும் குழம்பிப்போயிருந்தது. எந்த நாள் கேட்டாலும் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பார், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகணும் என்பார். வீட்டில் உட்கார்ந்துகொண்டேதான் சொல்வார். ஊர் அதற்கும் தலையாட்டியது. காப்பி அவர் மில்லில்தானே உடைபட வேண்டும்! சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தபோது யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது என்று கமிட்டி கூடிப் பேசி, அவரைத்தான் கூப்பிட்டது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள அவர் ரிப்பன் வெட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் நின்று கைதட்டினார்கள். அந்த வரிசையில் நபோசாவின் மகளும் நின்றாள். டீச்சர் சொன்னதால் அவளும் கைதட்டினாள்.

ஊதிப்பார்க்கிற மெஷின் வந்ததும் அசிங்கம் இன்னும் ஒரு படி ஏறியது. முத்யாபா ஊதினால் எப்போதும் ஒரே எண். மழையிலும் வெயிலிலும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், தாடி கறுப்பாக இருந்தபோதும் நரைத்த பிறகும் அதே எண். எனவே மாவட்டத்துக்கு எந்தப் புது மெஷின் வந்தாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். அவரை ஊதச் சொல்லி, எண் சரியாக வந்தால் மெஷின் நல்ல மெஷின் என்று முத்திரை குத்துவார்கள். அந்த மெஷினை வைத்துக்கொண்டு மற்றக் குடிகாரர்களைப் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். நாலோங்கோ போலீஸ்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, "எங்க வீட்டுக்காரரு இல்லேன்னா உங்க டிபார்ட்மெண்ட் என்ன ஆகும்?" என்று பெருமையடித்துக்கொள்வாள். அவர்களும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு லாரி டிரைவர் சேவலோடு வந்தான். எங்கேயோ ஒரு சைக்கிள்காரனை நசுக்கிவிட்டு வந்திருந்தான். சலோங்கோவின் மூச்சை வாங்கிக்கொண்டால் தனக்கும் போதை இறங்காது, வழக்கும் நடக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் முட்டி போட்டு வாயைத் திறந்தான். முத்யாபா குனிந்து ஈக்களோடு சேர்த்து ஊதினார். பலித்தது என்று சிலரும், போகிற வழியில் அவன் வாங்கிக் குடித்ததுதான் என்று சிலரும் சொன்னார்கள். அதன்பிறகு அந்த வாசலில் சேவலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

புரோஸ்கோவியா இதையெல்லாம் சாலையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் போகிறது, டிரைவர்கள் போகிறார்கள், பாதிரியார்கூடத் தூரத்திலிருந்து கையாட்டுகிறார். ஆனால் முத்யாபாவின் சொந்தக் குலத்து ஆட்கள் மட்டும் அந்த வீட்டுக்குப் போவதில்லை. கவீசிகூடக் காற்று வராத பக்கமாக வேலிக்கு வெளியே நின்றுதான் பேசுகிறான். கிறிஸ்துமஸுக்கு ஆள்வசம் பரிசு அனுப்புகிறார்கள். எதிரில் கண்டால் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறார்கள். ஆரம்பத்தில் வெட்கமோ என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விளங்கிவிட்டது. இடம் இல்லாததால் குலத்துப் பெரியவர் ஒருவர் முத்யாபாவுக்குப் பின்வரிசையில் மாட்டிக்கொண்டார். முத்யாபா கொட்டாவி விட்டார். பெரியவரின் முகம் சாம்பலானது. ஜெபத்தின் நடுவில் இரண்டு கையாலும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, புரோஸ்கோவியா பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தாள். மறுவாரமே ஒரு சோதனை செய்தாள். அந்தக் குலத்துப் பையன் ஒருவன் வாடகைக்கு ஓட்டுகிற 'போடா' மோட்டார் சைக்கிளில் ஏறி, சலோங்கோ வீட்டு வேலிப்பக்கம் காற்று அடிக்கிற திசையில் நிறுத்தச் சொன்னாள். பையன் லும்பே நடந்தபோது பாலகன், கள் குடிக்காதவன். அவன் மூக்கைப் பொத்தினான், அவ்வளவுதான். அடுத்த நாள் அவன் தகப்பனோடு அதே இடத்துக்குப் போனாள். தகப்பன் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தான்.

"ஸெபோ," என்று புதரைப் பார்த்து, ஐயா என்கிற மரியாதையோடு கேட்டாள் புரோஸ்கோவியா, "லும்பேல சோடா குடிச்சா இத்தன வருஷம் கழிச்சும் இப்படிப் போகுமா?"

"போயிரும்மா, அந்தப் பக்கம் போயிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று புதர் கெஞ்சியது.

பதினோராவது ஆண்டு மேற்கிலிருந்து கெமிகிஷா என்ற பெண் மாஜிஸ்திரேட் மாற்றலாகி வந்தார். குள்ளமானவர், சிரிக்காதவர். கவீசி வழக்கம்போல எழுந்து, கட்சிக்காரர் தெளியவில்லை என்றான். கெமிகிஷா வழக்குக் கட்டைப் புரட்டினார். "அவரை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. குற்றத்தை மறுத்ததாகவே எழுதிக்கொள்கிறேன். சாட்சிகளைக் கேட்கிறேன். அவர் வந்து கூண்டில் நின்றால் போதும்" என்றார். நிற்பதற்குத் தெளிவு வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. புரோஸ்கோவியா எழுந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள்: குலத்துப் பெரியவர்கள் சொல்ல வேண்டியதைச் சலோங்கோவின் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கவீசி உட்கார்ந்தான். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே, கோர்ட்டுக்குப் பின்னால், கழிப்பறை இரண்டே இரண்டு.

முதல் பெரியவர் கூண்டருகே போனார். "நான் அந்த லும்பேயில் கள்ளைத் தொடவில்லை" என்று ஆரம்பித்தார். முத்யாபாவுக்குப் பழைய முகத்தைப் பார்த்த சந்தோஷம், "அட, வாய்யா வாய்யா, இன்னொரு சுரைக்குடுக்கை ஊத்தச் சொல்லு!" என்று வாய் நிறைய வரவேற்றார். பெரியவரின் வயிற்றுக்குள் மேசையை இழுப்பதுபோல ஒரு சத்தம் எழுந்தது. கோர்ட் முழுக்கக் கேட்டது. சத்தியத்தை முடிக்காமலே ஓடினார். இரண்டாமவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார், பிடித்த மூச்சோடு பேச முடியவில்லை, விட்டார், அவரும் ஓடினார். மூன்றாமவர் வாசல்வரை போனார், அதற்குமேல் போக முடியவில்லை. நான்காமவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெஞ்சுகளில் மீதியிருந்த குலம் முறைக்குக் காத்திராமல் மொத்தமாக எழுந்தது. பைபிள்மேல் வைத்த கைகள் எல்லாம் அங்கியைத் தூக்கிக்கொண்டிருந்தன. கழிப்பறைக் கதவுகளைத் தட்டுகிற சத்தமும், "சீக்கிரம் வாய்யா!" என்ற கதறலும் உள்ளே வந்தன. பார்க்க வந்த ஊர் ஜனம் சட்டைக் காலரை மூக்குக்கு இழுத்துக்கொண்டு, ஆனால் ஒருவர்கூட வெளியே போகாமல், உட்கார்ந்திருந்தது. அஃபாண்டே எச்சோடு தரையைப் பார்த்தார். கவீசி ஆட்சேபணை என்று எழுந்தான், "கனம் கோர்ட்டார் அவர்களே, நாற்றம் சாட்சியம் ஆகாது" என்றான், சித்தப்பா பக்கம் திரும்பினான், அது தப்பாகிவிட்டது. கறுப்பு அங்கியோடு அவனும் ஓடினான்.

"நாற்றத்தை நான் பதிவு செய்யவில்லை," என்றார் கெமிகிஷா, கைக்குட்டைக்குள்ளிருந்து. "யார் யார் ஓடினார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். வக்கீலையும் சேர்த்து."

இப்போது கூண்டில் முத்யாபா தனியாக நின்றார். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக, வாயை மூடுங்க சித்தப்பா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். நீலக் கோட்டோடு நிற்கிற பெண்ணைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏ பொண்ணு! கோழி ரெண்டு குச்சி, வாழைப்பழம் ஒண்ணு. கருகாததா பாத்துக் குடு."

புரோஸ்கோவியா அசையவில்லை. "ஹாரன் அடிச்சீங்களா, சலோங்கோ?" என்று கேட்டாள். குரல் வியாபாரக் குரலாகவே இருந்தது.

"அடிச்சேனே! அதான ஓடி வந்த? நல்லா ஓடறே நீ."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"நிறுத்தத்தான் பாத்தேன்." அவர் விக்கினார், ஈக்கள் கலைந்து மறுபடி கூடின. "எந்தக் காலு பிரேக்குன்னு மறந்துபோச்சு. பக்கத்துல யாரையாவது கேக்கலாம்னு பாத்தேன், வண்டில நான் மட்டும்தான்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கண்ணாடி பூரா வாழைப்பழம். ஒண்ணும் தெரியல. வைப்பர் போட்டேன். போச்சு." கையை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். "எவ்வளவு குடுக்கணும் உனக்கு?"

கோர்ட்டில் எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். கெமிகிஷா, எழுதுங்கள் என்றார். போதையில் சொன்னது செல்லாது என்று சொல்ல வேண்டியவன் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவன் வெளிறிப்போய்த் திரும்பி வந்து அதைச் சொன்னபோது மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். அந்த வாக்குமூலத்தை அடித்துவிடுகிறேன், அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். வீட்டில் பிராந்தி குடித்தவர் வாயிலிருந்து வருவது லும்பேயின் கள் என்பதைக் குலமே ஓடிக் காட்டிவிட்டது, எந்த அளவு குடித்தார் என்பதற்கு மாவட்டத்து மெஷின்கள் அத்தனையும் சாட்சி, இவரை வைத்துத்தானே அவற்றுக்கு முத்திரை குத்தினீர்கள் என்று கேட்டார். குடிபோதையில் ஓட்டி உயிரைப் பறித்தது, இடித்துவிட்டு நிற்காமல் ஓடியது, இரண்டும் நிரூபணம் என்று வாசித்தார். ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள் முழுக்க ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. பொய்ச் சத்தியம் செய்த பெரியவர்களுக்குத் தனி வழக்கு. எச்சோடுவைக் கரமோஜாவுக்கு மாற்றினார்கள். அங்கே சாலையே குறைவு. புரோஸ்கோவியா வெளியே வந்து, கழிப்பறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், டாக்ஸி வேன் பிடித்துக் கயஞ்சாவுக்குப் போனாள். அன்று மத்தியான பஸ்ஸுக்கு அவள் தட்டோடு நின்றாள். நபோசாவின் மகளிடம் தீர்ப்பை ஒரே வரியில் சொன்னாள், "உங்கம்மா விழல, அவன்தான் இடிச்சான், எழுதிட்டாங்க" என்று. பிள்ளை அழுதது. புரோஸ்கோவியா அப்போது அழவில்லை, பஸ் வந்துவிட்டது.

சிறையில் முத்யாபா ஏழு ஆண்டும் போதையிலேயே இருந்தார். கடைசி அறையைக் கொடுத்திருந்தார்கள். தினமும் காவலரிடம், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காவலரும் சரி சலோங்கோ என்று பூட்டைச் சரிபார்த்துவிட்டுப் போவார். மில் அதற்குள் கைமாறிவிட்டது, நாலோங்கோ மூத்தவனோடு கம்பாலாவுக்குப் போய்விட்டாள். விடுதலையாகி வந்தபோது அவர் நாற்றம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. ஒரு டாக்ஸி வேனில் ஏற்றிக்கொண்டார்கள். அது கயஞ்சாவில் வேகம் குறைத்தது. அவர் மூச்சு ஜன்னலுக்கு வெளியே வந்தது. ஓடிவந்த நீலக் கோட்டுகள் பாதி வழியில் நின்றன. பயணிகள் தலையை நீட்டிக் கத்திக் கூப்பிட்டும் ஒருவரும் அந்த வண்டியைத் தொடவில்லை. அவரை அங்கே இறக்கிவிட்டுப் பசியோடு மசாகாவரை போன பயணிகள் டிரைவரைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் எந்த டிரைவரும் அவரை ஏற்றுவதில்லை, போடாக்காரர்களும் ஏற்றுவதில்லை. அவர் நடக்கிறார். சாலை ஓரத்தில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, வாய்க்காலுக்கு இந்தப்பக்கம், லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த ஒரு முழ அகலத்தில் தள்ளாடிக்கொண்டே போகிறார், வருகிறார். ஹாரன் கேட்டால் துள்ளிக் குதித்து ஓரம் பதுங்குகிறார். சிமெண்ட் லாரி போனால் தூசி அடங்கும்வரை கயஞ்சாவில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவர் கடக்கும்போதும் அப்படித்தான் அடக்கிக்கொள்கிறார்கள். போன பிறகு மூச்சை விட்டுவிட்டு, அடுத்த வண்டிக்கு ஓடுகிறார்கள்.